பாச்சை உருண்டை

ஆறு ஜப்லா, நாலு முடிச்சுத் துணி, ஒரு குல்லா.
பதினேழு வருஷமாக டிரங்குப் பெட்டியில்.
தை பிறந்தால் பெட்டியைத் திறப்பேன்,
மிளகளவுக்குத் தேய்ந்த உருண்டையை எடுத்துவிட்டுப்
புதுசு போடுவேன்.
யாருக்கு வைத்திருக்கிறாய் என்று கேட்டால்
சொல்லத் தெரியாது.

சாத்தாங்காட்டில், கன்டெய்னர் யார்டுக்குப் பின்னால்
எங்கள் லைனில் கடைசி ரூம் ஜுனு மாஜிக்கு.
காளஹண்டிப் பக்கத்துக்காரி.
பெட்டி ஏற்றும் இடத்தில் கொக்கி மாட்டுகிற ஹாடிபந்து
பிள்ளை பிறந்த இரண்டாம் நாளே
ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்துவிட்டான்.
லீவு போட்டால் கூலி இல்லை.
என் கடை நோட்டில் அவன் பக்கம்
ஏற்கெனவே நிறைந்திருந்தது.

துணியைக் கொடுத்தேன்.
உதறக்கூட இல்லை.
அந்த வாசனைதான் சுத்தம் என்று நினைத்திருந்தேன்.
ஜுனு மோந்து பார்த்துத் தலையாட்டினாள்.

அந்த ரூமுக்கு ஜன்னல் உண்டு,
திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்.
பகலிலும் எரியும் குண்டு பல்பின் கீழே
நானும் மஞ்சள், அவளும் மஞ்சள்,
தட்டில் போட்ட சோறும் மஞ்சள்.
பிள்ளை மட்டும் எப்படித் தனியாகத் தெரிவான்?
கறுத்த பிள்ளை வேறு.
அழவே மாட்டான், அவ்வளவு சமர்த்து என்று
கையாலேயே சொன்னாள்.
பாலுக்கும் எழவில்லை அந்தச் சமர்த்து.

நாலாம் நாள் கரண்ட் போனது.
புழுக்கம் தாங்காமல் வாசலுக்குத் தூக்கி வந்தாள்.
டிரெய்லர் கிளப்பிவிட்ட புழுதிக்குள்
காலை வெயில்.
மூக்கு நுனியை அழுத்தி விரலை எடுத்தேன்.
எடுத்த இடம்
பழுத்த மாம்பழத் தோல்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் கடை ஒடியா.
கேத்தே என்றால் எவ்வளவு.
காலி என்றால் தீர்ந்துவிட்டது அல்ல,
நாளைக்குத் தருகிறேன்.
மஞ்சள்தூள் பாக்கெட்டுக்கு ஹளதி.
"பிலா ஹளதி" என்றேன், பிள்ளையைக் காட்டி.
சிரித்தாள்.
பூசிக் குளிப்பாட்டச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள்.
அவன் இமையை விலக்கி
வெள்ளை இருக்க வேண்டிய இடத்தைக் காட்டினேன்.

ஆட்டோ தண்டையார்பேட்டை தாண்டும்வரை
யாரும் பேசவில்லை.

கண்ணைக் கட்டி நீல வெளிச்சத்தில் போட்டார்கள்.
கழற்றிய துணி பிளாஸ்டிக் பையில்
என் மடிமேல் கிடந்தது.
டாக்டர் சின்னப் பெண், தூக்கம் கெட்ட குரல்.
"இருபத்தொண்ணு இருக்கு. இன்னும் ஏறினா ரத்தம் மாத்தணும்.
சில பேர் ரத்தத்துல பொறவியிலேயே ஒண்ணு குறைவா இருக்கும்,
அந்தப் பக்கத்து ஆளுங்ககிட்ட அடிக்கடி பாக்குறோம்.
அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க,
பாச்சை உருண்டை போட்டு வெச்ச துணி ஏதாச்சும்
குழந்தைக்குப் போட்டாங்களா?"

ஜுனு என் வாயையே பார்த்தாள்.
பாச்சை உருண்டைக்கு ஒடியாவில் என்ன பேர்?
அதை யாரும் என் கடையில் கேட்டதில்லை.

"போட்டாங்க" என்றேன், அவளைக் கேட்காமலே.
"யார் குடுத்தது?"
பையின் வாயை முறுக்கினேன். முறுக்கிக்கொண்டே இருந்தேன்.
"நான்தான்."
டாக்டர் நிமிரவில்லை, எழுதிக்கொண்டிருந்தாள்.
"அதனாலதான்னு சொல்ல முடியாது.
அதனாலயும் இருக்கலாம். இனிமே வேணாம்."

ஜுனு என் முழங்கையைத் தொட்டாள்.
"கேத்தே?"
ஏறியிருப்பது எவ்வளவு என்கிறாளா,
செலவு எவ்வளவு என்கிறாளா,
இன்னும் எவ்வளவு நாள் என்கிறாளா.
பத்து விரலை இரண்டு தடவை விரித்தேன்,
பிறகு ஒன்று.
அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது.

பையைப் பிரித்து அவள் மூக்கருகே கொண்டுபோனேன்.
மோந்தாள்.
அன்றைக்கு ஆட்டினாளே,
அதே தலையாட்டல்.

நாஹி, என்றேன்.
நாஹி, நாஹி.
சரக்கு இல்லாதபோது கடையில் சொல்கிற
அதே சொல்.